489 பேரில் ஒருவர்: மார்ஷல் நேசமணி

நாகர்கோவிலில் மணிமண்டபம், மார்த்தாண்டத்தில் கல்லூரி, ஒரு காலத்தில் பஸ்களில் எழுதப்பட்டிருந்த போக்குவரத்துக் கழகத்தின் பெயர். குமரி மாவட்டத்தில் நேசமணியின் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. அங்கே அவரைக் குமரித் தந்தை என்கிறார்கள்.

ஆனால் அவர் பார்லிமெண்டில் பேசியது குமரிக்காக மட்டும் அல்ல. மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைக் காடுகளுக்காகவும், பாலக்காட்டை அடுத்த சித்தூர் தாலுகாவுக்காகவும் சேர்த்தே அவர் குரல் கொடுத்தார். அந்த மலைகளில் லயங்களில் வாழ்ந்த தமிழர் ஒருவர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. அவருடைய தொகுதி மலைக்கு வெகு தெற்கே, கடலோரத்தில் இருந்தது.

தெற்கே கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. மலையில் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேரளத்தில் வாழும் தமிழர் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

முக்காலியும் நாற்காலியும்

மார்த்தாண்டத்தை அடுத்த பள்ளியாடியில் 1895-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி நேசமணி பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் மன்னரின் ராஜ்யம். தென்கோடித் தாலுகாக்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆனால் சர்க்கார் அலுவலகங்களில் செல்வாக்குடன் இருந்தவர்கள் வேறு. சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த நாடு அது. நேசமணி பிறந்த சமூகமும் அந்தக் கட்டுப்பாட்டின் சூட்டை அனுபவித்த சமூகம்.

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார். சட்டம் பயின்று, 1921-ம் ஆண்டு நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அவர் கோர்ட்டுக்குள் நுழைந்த முதல் நாளைப் பற்றி நாகர்கோவில் மக்கள் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும், மற்ற வக்கீல்களுக்கு முக்காலியும் போடுவது அங்கே வழக்கமாம். தமக்குப் போட்ட முக்காலியை நேசமணி காலால் எற்றித் தள்ளினார், அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது என்பது கதை. கதையில் எவ்வளவு கூடியதோ குறைந்ததோ, அவரை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. பிற்காலத்தில் அதே கோர்ட்டின் வக்கீல் சங்கத் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும், திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சபை உறுப்பினராகவும் பணியாற்றினார்.

ஐம்பது வயதுவரை அவர் பெரிய வக்கீல், ஊர்ப் பெரிய மனிதர். அவரை அரசியலின் நடுவுக்குக் கொண்டுவந்தது மொழிப் பிரச்சினை.

தனிக் கட்சி

வெள்ளையர் ஆட்சி முடியப்போகிறது என்பது தெரிந்ததும், மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. மலையாளிகள் திருவிதாங்கூர், கொச்சி, மலபார் மூன்றையும் சேர்த்து ஐக்கிய கேரளம் கேட்டார்கள். அப்படியானால் திருவிதாங்கூரில் உள்ள தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டாமா என்று தெற்கே கேள்வி பிறந்தது.

1945-ம் ஆண்டு டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியல் முதலிய இளைஞர்கள் கூடி அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அதற்குத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாறியது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைப்பது அதன் லட்சியம். பெயரில் காங்கிரஸ் இருந்தாலும், திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசை எதிர்த்து நின்ற தனிக் கட்சி அது.

1947-ம் ஆண்டு நேசமணி இதில் சேர்ந்தார். அவர் வந்ததும் இளைஞர் இயக்கம் ஊர் இயக்கமாக மாறியது. மக்கள் அவரை மார்ஷல் என்று அழைக்கத் தொடங்கினார்கள். படையில்லாத மார்ஷல். ஆனால் கூப்பிட்டால் கூட்டம் வந்தது.

1948-ம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயதுவந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை தந்து தேர்தல் நடந்தது. இந்தியா முழுவதற்கும் அந்த உரிமை வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டது. மொத்தம் 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களை அள்ளிக்கொண்டது. அந்த வெள்ளத்திலும் தமிழ்ப் பகுதிகளில் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. அந்தத் தேர்தல் நாட்களிலேயே தென் தாலுகாவில் போலீசார் சுட்டதில் இயக்கத்துக்கு முதல் உயிர்ப்பலியும் நேர்ந்தது.

1949-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, திரு-கொச்சி ராஜ்யம் பிறந்தது. கொச்சி மன்னரின் பழைய சித்தூர் தாலுகாவும் இதற்குள் வந்தது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அதை ஒட்டிய சித்தூரோ திரு-கொச்சியில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் விவசாயிகளும் அன்று முதல் நேசமணியின் கணக்கில் சேர்ந்தார்கள்.

பெட்டிக்கு ஒரு சின்னம்

1951-52-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. சுமார் 17 கோடிப் பேருக்கு ஓட்டு. லோக்சபாவுக்கு 489 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குள் போய், பிடித்த சின்னத்தின் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். முத்திரை குத்தும் வேலை இல்லை. கைநாட்டு வைக்கிற கூலித் தொழிலாளியும் பட்டம் பெற்ற வக்கீலும் ஒரே மாதிரி ஓட்டுப் போட்டார்கள். அப்போது ஓட்டுக்கு வயது 21. அது 18 ஆனது 1989-ல்தான்.

திரு-கொச்சியில் 12 லோக்சபா இடங்கள். இந்தியாவில் வேறு பல ராஜ்யங்களில் காங்கிரஸ் அலை அடித்தது. இங்கே அப்படி இல்லை. 12-ல் காங்கிரசுக்குக் கிடைத்தது 6. கம்யூனிஸ்டு கட்சிக்கு அங்கே தடை இருந்ததால் அதன் ஆட்கள் சுயேச்சைகளாக நின்றார்கள். திருவனந்தபுரத்தில் ஆனி மஸ்கரின் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஆக 4 சுயேச்சைகள், புரட்சி சோஷலிஸ்டு கட்சிக்கு ஓர் இடம், தமிழ்நாடு காங்கிரசுக்கு ஓர் இடம்.

அந்த ஓர் இடம் நாகர்கோவில். ஜெயித்தவர் நேசமணி.

லோக்சபாவில் காங்கிரசுக்கு 364 பேர். நேசமணியின் கட்சிக்கு ஒருவர். அந்த ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தின் எல்லையை மாற்றிவிட முடியுமா? கணக்குப்படி முடியாது. ஆனால் டெல்லியில் மனுக்கொடுக்க வாசலில் நிற்பது வேறு, உள்ளே இருந்து பேசுவது வேறு. உள்ளே பேசினால் அச்சில் ஏறும். மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். நேசமணி அந்த ஓர் இடத்தைப் பயன்படுத்திய விதம் அதுதான்.

சிறிய கட்சி, பெரிய பிடி

டெல்லியில் ஓர் இடம் என்றால் திருவனந்தபுரத்தில் நிலைமை வேறு. அங்கே 108 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு 44 பேர்தான். தமிழ்நாடு காங்கிரசுக்கு 8 பேர். இந்த 8 பேரின் ஆதரவு இல்லாமல் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை நிற்க முடியாது. எல்லைப் பிரச்சினையில் ஒத்துவராததால் ஆதரவு போயிற்று. 1953-ம் ஆண்டு செப்டம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது.

1954-ம் ஆண்டு தொடக்கத்தில் மறுபடி தேர்தல். தமிழ்நாடு காங்கிரஸ் 8-லிருந்து 12 ஆனது. தேவிகுளம் மலையிலும் அந்தக் கட்சி வென்றது. ஆனால் இம்முறை ஆட்சி அமைத்தவர் பட்டம் தாணு பிள்ளை. அவருடைய பிரஜா சோஷலிஸ்டு கட்சிக்கு 19 பேர்தான். 45 பேரை வைத்திருந்த காங்கிரஸ், தான் ஆட்சிக்கு வராமல், வெளியில் இருந்து அவருக்கு ஆதரவு கொடுத்தது. கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்ற பயம் ஒரு காரணம்.

பல கட்சிகள் போட்டியிட்டு எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையில் ஒரு சிறிய கட்சிக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பலவீனம் என்பதற்கு இது நல்ல பாடம். கவிழ்க்க முடியும். நினைத்ததைச் செய்விக்க முடியாது. மந்திரிசபை போனால் அடுத்த மந்திரிசபை வரும். அதுவும் தாலுகாவை விட்டுக்கொடுக்காது. ஏனென்றால் விட்டுக்கொடுத்தால் அது தன் சொந்த ஓட்டர்களிடம் முகம் காட்ட முடியாது.

மூணாறில் கைது

தென் தாலுகாக்களில் தமிழர்கள் பரம்பரையாக வயலும் வீடும் தோப்பும் உடையவர்கள். அவர்களை அந்த மண்ணின் மக்கள் அல்ல என்று யாரும் சொல்ல முடியாது. மலையில் நிலைமை வேறு.

கண்ணன் தேவன் கம்பெனி மூணாறில் தேயிலை போட்டபோது காட்டைத் திருத்தியது திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் கூலிகள். கங்காணி முன்பணம் கொடுத்து ஊர் ஊராக ஆள் பிடித்தார். கால்நடையாக மலை ஏறினார்கள். குளிரிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் மாண்டார்கள். மீதிப்பேர் லயத்தில் குடும்பமாகக் குடியேறினார்கள். தாய் கொழுந்து கிள்ளினாள், மகள் கொழுந்து கிள்ளினாள், பேத்தியும் கூடையை எடுத்தாள். தேவிகுளம் தாலுகாவில் பத்துக்கு ஏழு பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்ற நிலை அப்படி வந்ததுதான். பீர்மேட்டிலும் தமிழர் பெருந்தொகையினர்.

ஆனால் அவர்கள் பேரில் ஒரு சென்டு நிலம் கிடையாது. குடியிருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். வயதானதும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மலை இறங்கிப் போய் வந்தார்கள்.

1954-ல் இந்த மலைதான் போராட்டக் களமாயிற்று. அங்கே தமிழர்கள் மீது போலீஸ் கெடுபிடி அதிகரித்தது என்று தமிழ்நாடு காங்கிரஸ் குற்றம் சாட்டியது. பொதுக்கூட்டங்களுக்குத் தடை போடப்பட்டது. ஜூலை மாதம் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாத நாடார் மூவரும் மலை ஏறி, தடையை மீறி, மூணாறில் கைதானார்கள். நேசமணிக்கு அப்போது வயது 59. பார்லிமெண்டு உறுப்பினர். தம் தொகுதியில் இல்லாத தொழிலாளருக்காக அவர் கைதானார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி தெற்கே விடுதலை தினம் கொண்டாடுவதாக இயக்கம் அறிவித்தது. ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். உயிர்கள் பலியாயின. பலர் காயமடைந்தார்கள்.

இந்தத் துப்பாக்கிச் சூடு நாட்டையே உலுக்கியது. பட்டம் தாணு பிள்ளையின் கட்சிக்கு அகில இந்தியப் பொதுச் செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. தம் கட்சி மந்திரிசபையே ராஜிநாமா செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். மந்திரிசபை கேட்கவில்லை. அந்தச் சண்டையில் அந்தக் கட்சியே பிளந்தது. 1955-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காங்கிரசும் கைகொடுக்கவே, பட்டம் மந்திரிசபை விழுந்தது.

அந்த மந்திரிசபை இருந்த காலத்தில் தொடங்கிய இன்னொரு காரியம் மலையில் நிலைத்துவிட்டது. தேவிகுளம் தாலுகாவின் காட்டுப் பகுதிகளில் நிலம் கொடுத்துச் சமவெளி விவசாயிகளைக் குடியேற்றும் திட்டம் அது. கல்லாறு பக்கத்தில் பட்டம் காலனி என்ற பெயரே இதிலிருந்து வந்தது. உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கவும் நிலமற்றோருக்கு நிலம் கொடுக்கவும் என்று சர்க்கார் சொன்னது. தலைக்கணக்கை மாற்றுவதற்கே என்று தமிழர் தரப்பு சொன்னது. வந்து குடியேறியவர்களும் ஏழைகள்தான். யானைக்கும் மழைக்கும் நடுவே காட்டை வெட்டிப் பிழைத்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் பேரில் நிலம் இருந்தது. லயத்துத் தமிழர் பேரில் இல்லை.

9 தாலுகா

இதற்கிடையே டெல்லியில் காரியங்கள் வேகமாக நடந்தன. ஆந்திர ராஜ்யம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆந்திரா பிறந்தது. மற்ற மொழிக்காரர்களும் எழுந்தார்கள். 1953-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய சர்க்கார் ராஜ்ய சீரமைப்புக் கமிஷனை நியமித்தது. பசல் அலி தலைவர். குன்ஸ்ரு, பணிக்கர் உறுப்பினர்கள்.

கமிஷனிடம் தமிழ்நாடு காங்கிரஸ் 9 தாலுகாக்களைக் கேட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை அவை.

1955-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கமிஷன் அறிக்கை கொடுத்தது. தென்கோடி நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு என்று சிபாரிசு. நெய்யாற்றின்கரை, சித்தூர் இல்லை. தேவிகுளம், பீர்மேடும் இல்லை.

180 நாள்

தேவிகுளத்தில் தமிழர் தொகை அதிகம் என்பதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்று கருதியது. இந்த மலைகளின் தேயிலை, ஏலம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் வரப்போகும் கேரள ராஜ்யத்தின் வாழ்வுக்கு முக்கியம் என்றும் எடுத்துக்கொண்டது. பள்ளிவாசல் மின் நிலையம் 1940-லேயே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பெரியாறு ஏரியும் பீர்மேடு தாலுகாவில்தான் இருக்கிறது.

கேரளத்தின் பக்கம் இருந்து பார்த்தால் இந்த வாதத்தில் பொருள் உண்டு. நெல் விளையும் நிலம் குறைந்த, ஜனநெருக்கம் மிகுந்த ராஜ்யம் மலைச் செல்வத்தை விட மனம் வராது. ஆனால் குடிகள் அல்ல என்ற முதல் காரணம்தான் தமிழர் நெஞ்சில் தைத்தது.

அந்தக் காலத்துத் தேர்தல் சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் பெயர் ஓட்டர் பட்டியலில் ஏற வேண்டுமானால், குறித்த காலத்தில் அந்தத் தொகுதியில் 180 நாட்களுக்குக் குறையாமல் குடியிருந்திருக்க வேண்டும் என்று 1950-ம் ஆண்டுச் சட்டம் கூறியது. நிலம் வேண்டும் என்று கூறவில்லை. வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் கூறவில்லை. லயத்தில் இருந்தவனுக்கும் அதே அளவுதான். அப்படித்தான் மலைத் தொழிலாளிகள் ஓட்டர்கள் ஆனார்கள். 180 நாள் குடியிருந்ததும் ஒருவன் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை குடியிருந்தும், தன் தாலுகா எந்த ராஜ்யத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கில் அவன் வழிப்போக்கன்.

1955-ம் ஆண்டு டிசம்பரில் லோக்சபாவில் அறிக்கை மீது விவாதம் நடந்தது. நேசமணி எழுந்து தேவிகுளம், பீர்மேடுக்காகப் பேசினார். மறு ஆண்டு மசோதா வந்தபோதும் விடவில்லை. ஒரு கட்சியின் ஒரே எம்.பி. எவ்வளவு பேசினாலும் ஓட்டெடுப்பில் அது ஓர் ஓட்டு. சென்னையில் அப்போது காமராஜர் முதல்-மந்திரி. அவர் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்ற மனக்குறை எல்லைப் போராட்டக்காரர்களிடம் நெடுங்காலம் இருந்தது.

எதிர்ப்பக்கத்திலும் மனக்குறைதான். தென் தாலுகாக்களை விட்டுக்கொடுப்பதா என்று திரு-கொச்சிக் காங்கிரசுக்குள்ளேயே கொதிப்பு. 6 பேர் விலகியதால் 1956-ம் ஆண்டு மார்ச்சில் பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரிசபை போய், ஜனாதிபதி ஆட்சி வந்தது. திரு-கொச்சி ராஜ்யத்தின் கடைசி மாதங்களில் அதற்கு மந்திரிசபையே இல்லை.

நவம்பர் 1

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி எல்லைகள் மாறின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. செங்கோட்டை முழுவதும் வரவில்லை. மலைக்குக் கிழக்கே உள்ள பகுதி மட்டும் திருநெல்வேலியில் சேர்ந்தது.

அதே நாளில் மலபார் ஜில்லா சென்னையை விட்டுப் போயிற்று. பாலக்காட்டில் இருந்த தமிழ்க் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் இருந்த இடத்திலேயே வேற்று ராஜ்யத்தவர் ஆனார்கள். 1957-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பாலக்காடு மாவட்டம் ஏற்பட்டபோது சித்தூர் அதில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்து, 1972-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன.

நாகர்கோவிலில் மக்கள் கொண்டாடினார்கள். மலையில் வழக்கம்போல் சங்கு ஊதியது, தொழிலாளிகள் காட்டுக்குப் போனார்கள்.

லட்சியத்தின் பெரும்பகுதி நிறைவேறியதும் கட்சியைத் தொடர்ந்து நடத்தத் தலைவர்கள் விரும்பவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கலைந்து, இந்தியக் காங்கிரசில் கலந்தது. நேசமணி 1957-ல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1962-ல் மறுபடி நாகர்கோவில் எம்.பி. ஆனார்.

மலைத் தமிழரின் ஓட்டு

குமரி பிரிந்தபின் கேரளத் தமிழருக்கு அந்தத் தனிக் கட்சி இல்லாமல் போயிற்று. ஆனால் ஓட்டு இருந்தது. அந்த ஓட்டுக்கு மதிப்பு உண்டு என்பது சீக்கிரமே தெரிந்தது.

1957-ம் ஆண்டுத் தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. அன்று தேவிகுளம் இரண்டு உறுப்பினர் தொகுதி. கம்யூனிஸ்டு கட்சியின் ரோசம்மா புன்னூசும், காங்கிரசின் கணபதியும் ஜெயித்தார்கள். ரோசம்மாவின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகவே, 1958-ல் இடைத்தேர்தல். ஆட்சிக்கு மயிரிழைப் பெரும்பான்மைதான் இருந்தது. நாடே தேவிகுளத்தைப் பார்த்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலை ஏறித் தமிழ்ப் பாட்டுப் பாடிக் கம்யூனிஸ்டுகளுக்கு ஓட்டுக் கேட்டார். அவருடைய தம்பிதான் பிற்காலத்தில் புகழ்பெற்ற இளையராஜா. ரோசம்மாவே மீண்டும் ஜெயித்தார். வழிப்போக்கர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் ஓட்டை வாங்க எல்லாக் கட்சிகளும் லயம் லயமாக ஏறி இறங்கின.

சீரமைப்புக் கமிஷன் சிறுபான்மை மொழியினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் கூறியிருந்தது. 1956-லேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்துதரும் கடமை ராஜ்யங்களுக்கு ஏற்பட்டது. கேரளச் சட்டசபை 1969-ம் ஆண்டு இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடக்காரரும் சர்க்கார் அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதவும், தம் மொழியிலேயே பதில் பெறவும் உரிமை கொடுத்தது. ஏட்டில் உள்ள உரிமையைக் கேட்டு வாங்குவது கேட்பவர் கையில் இருக்கிறது. 2021-ம் ஆண்டு தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆ. ராஜா கேரளச் சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

கடைசித் தேர்தல்

1967-ம் ஆண்டுத் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் தி.மு.க. அலை அடித்தது. காமராஜரே விருதுநகர் சட்டசபைத் தொகுதியில் தோற்றார். 39 லோக்சபா இடங்களில் காங்கிரசுக்கு மிஞ்சியது வெறும் 3. அந்த மூன்றில் ஒன்று நாகர்கோவில். 71 வயது நேசமணியை அங்கே அசைக்க முடியவில்லை. தாலுகாவை மீட்டுக் கொடுத்தவர் என்ற நன்றிக்கு முன்னால் கட்சிக் கணக்கு எடுபடவில்லை.

அடுத்த ஆண்டு, 1968 ஜூன் 1-ந் தேதி, பார்லிமெண்டு உறுப்பினராக இருக்கும்போதே அவர் காலமானார். பிறந்த நாளுக்கு 11 நாட்கள் இருந்தன. 73 வயது நிறைவதற்குள் போய்விட்டார்.

காலியான நாகர்கோவிலுக்கு 1969-ம் ஆண்டு ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸ் நிறுத்தியது காமராஜரை. விருதுநகரில் தோற்ற தலைவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிவைத்தது, நேசமணி கட்டிக்காத்த அந்தத் தொகுதிதான். எல்லைப் போராட்டத்தில் காமராஜர் மீது வைத்த மனக்குறையை மனதில் வைத்துக்கொள்ளாமல் மக்கள் ஓட்டளித்தார்கள். 1975-ல் கண் மூடும்வரை காமராஜர் நாகர்கோவில் எம்.பி.

நேசமணி தெற்கே ஜெயித்ததற்கும் மலையில் தோற்றதற்கும் காரணம் ஒன்றே. ஒரு ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் கணக்காவதில்லை, அந்த ஊர்க்காரர் என்பதற்கு அவர்கள் கையில் என்ன சாட்சி இருக்கிறது என்பதும் கணக்காகிறது. தெற்கே பட்டா இருந்தது. மலையில் கம்பெனியின் சம்பள ரிஜிஸ்தரில் பெயர் இருந்தது, ஓட்டர் பட்டியலிலும் பெயர் இருந்தது. பட்டா இல்லாதவனுக்கு ஓட்டர் பட்டியலில் உள்ள பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்பதை அவனுக்கு முன்பே உணர்ந்து, அந்தப் பெயருக்காக மூணாறு வரை வந்து கைதானவர், மலையில் ஓர் ஓட்டும் இல்லாத நாகர்கோவில் எம்.பி.